பழைய அவுட்போர்டு மோட்டாரில் ஹோஸ், டயாஃபிரம் எல்லாம் கெடுவதற்கு முன்பே மாற்ற வேண்டுமா?

மாற்றத்தான் வேண்டும். வள்ளத்தின் பின்னால் மாட்டியிருக்கும் மோட்டார் நன்றாக ஓடும்போது அதில் எதற்குக் கை வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுடையது அப்பா காலத்து டூ ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வகை. அதில் பிஸ்டனுக்கு ஆயில் தனியாகப் போவதில்லை, எரிபொருளில் கலந்துதான் போகிறது. ஹோஸோ டயாஃபிரமோ கெட்டு எரிபொருள் குறைந்தால் ஆயிலும் குறையும். ஹோஸில் மிச்சம் பிடிக்கிற காசு, பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்து, சிலிண்டரைக் கடைந்து போர் போடுவதில் போய்விடும்.

திருநெல்வேலிக் கடற்கரையில் உவரிப் பக்கம் மோட்டார் வேலை பார்க்கிறவன் நான். இங்கே பெரும்பாலும் மணலில் இருந்தே வள்ளத்தை இறக்குகிறோம். கரை அலையைத் தாண்ட முழு வேகம் கொடுக்கும்போதுதான் மோட்டார் எரிபொருளை அதிகமாகக் கேட்கும். நலிந்த பம்பு கைவிடுவதும் அப்போதுதான். மெதுவாக ஓடும்போது எந்தக் குறையும் தெரியாது. அந்த இடத்தில் மோட்டார் நின்றால் வள்ளம் குறுக்கே திரும்பிவிடும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் ஹோஸ், அதாவது டேங்கில் இருந்து மோட்டாருக்கு எரிபொருள் வருகிற ரப்பர் குழாய். வளைவில் விரலால் அமுக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்தாலோ, பிசுபிசுவென்று ஒட்டினாலோ, கையில் கறுப்பு ஒட்டினாலோ அதன் காலம் முடிந்தது. வெளியே நன்றாக இருந்து உள்ளே உரிந்து அடைப்பதும் உண்டு. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. அது பழைய ரப்பரைக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். மாற்றும்போது எரிபொருளுக்கென்றே விற்கிற ஹோஸ் வாங்குங்கள். தண்ணீர் டியூப்பைச் செருகி ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

அடுத்தது ஹோஸின் நடுவில் இருக்கும் கைப்பம்பு பல்ப். வெளிவழி மேலே இருக்கும்படி பிடித்து அமுக்குங்கள். கெட்டியாகி அப்படியே நிற்க வேண்டும். கெட்டியாகவே இல்லை என்றால் உள்ளே வால்வு போயிருக்கும், அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. ஹோஸை மாட்டும் கனெக்டரின் ஓ-ரிங்கையும் (ரப்பர் வளையம்) பாருங்கள். ஓடும்போது பல்ப் சப்பென்று ஒட்டிக்கொண்டால் டேங்க் பக்கம் அடைப்பு. முதலில் டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வேகம் விழும்போது பல்பை அமுக்கினால் மோட்டார் மறுபடி எழும்புகிறதா? அநேகமாக எரிபொருள் பம்பின் டயாஃபிரம், அதாவது உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு, நலிந்திருக்கும். பலர் அமுக்கிக்கொண்டே கரைக்கு வந்து, மறுநாளும் அப்படியே இறக்குகிறார்கள். தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள். டயாஃபிரத்தைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடியுங்கள். ஊசித்துளி வெளிச்சம் வந்தாலும், அலை அலையாக நெளிந்திருந்தாலும் புதிது போடுங்கள். ரப்பர் சாமான் எல்லாவற்றையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது என் வழக்கம்.

ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் வள்ளம் கரையேறிக் கிடக்கும் நாட்கள்தான் இதற்கெல்லாம் தோது. ஆனால் மோட்டார் கெடுவதும் அப்போதுதான், காற்றோடு எரிபொருளைக் கலக்கிற கார்புரேட்டரில் தங்கிய எரிபொருள் பிசினாகிவிடும். கரையேற்றும் முன் அதன் அடிக்கிண்ணத்தை வடித்துவிடுங்கள். தினமும் நிறுத்துவதற்கு முன் பெட்ரோலுக்கு மாற்றிச் சற்று ஓட்டினால் மறுநாள் ஸ்டார்ட் பண்ணச் சிரமம் இருக்காது. கார்புரேட்டரில் எரிபொருள் வருகிற சிறு துளையான ஜெட் அடைத்தால் கம்பியை விட்டுக் குடையாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கார்ப் கிளீனர் அடித்துக் காற்றால் ஊதுங்கள். கேனின் அடியில் தண்ணீர் தங்கும், கடைசி எண்ணெயை டேங்கில் ஊற்ற வேண்டாம். இந்த வேலை நடக்கும் இடத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது.

கையில் காசு குறைவு என்றால் ஹோஸ், பல்ப், ஃபில்டர் மூன்றையும் இந்த மாதமே மாற்றிவிடுங்கள். அப்புறம் டயாஃபிரம். மோட்டார் மெதுவான ஓட்டத்தில் தடுமாறாமல் ஓடினால் கார்புரேட்டர் கிட் (அதன் உதிரிச் சாமான் தொகுப்பு) அடுத்த கச்சான் வரை பொறுக்கும்.