சேதமே காணாத வீட்டுக்குப் புயல் காப்பீடு தேவையா?

கேள்வி: கடற்கரைக்கு அருகிலுள்ள என் வீடு 20 ஆண்டுகளில் ஒருமுறைகூடப் புயலால் சேதமடைந்ததில்லை. ஆயினும், கணினி மாதிரியின்படி ஆபத்து கூடியிருப்பதாகக் கூறிக் காப்பீட்டு நிறுவனம் பிரீமியத்தை உயர்த்திவிட்டது. புயல் காப்பீட்டை விட்டுவிட்டு அந்தப் பணத்தை வைப்புநிதியில் போட்டு வரலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. எந்த ஆண்டிலும் 1 சதவீத வாய்ப்புள்ள கடும்புயல், 20 ஆண்டுகள் தொடர்ந்து வராமலிருக்க ஏறத்தாழ 82 சதவீத வாய்ப்புண்டு. ஆகவே உங்கள் அனுபவத்தைக் கொண்டு ஆபத்து குறைவு என முடிவு செய்ய இயலாது. பழைய இழப்பீட்டுப் பதிவுகளையே பெரிதும் நம்பியிருந்த பல காப்பீட்டு நிறுவனங்கள், 1992இல் ஃபுளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ சூறாவளிக்குப் பின் திவாலாயின. கணினி மாதிரிகள் பரவலாகப் புழக்கத்துக்கு வந்ததும் அதன் பிறகுதான்.

இம்மாதிரிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குரிய புயல்களைக் கணினியில் உருவாக்கி, ஒவ்வொன்றின் காற்று வேகத்துக்கும் எவ்வகைக் கட்டடம் எவ்வளவு சேதமடையும் என மதிப்பிடுகின்றன. காற்று கட்டடத்தின் மீது செலுத்தும் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப உயர்வதால், வேகம் 20 சதவீதம் கூடினால் அழுத்தம் 44 சதவீதம் கூடும்; சேதமோ அதைவிடச் செங்குத்தாக ஏறும், ஏனெனில் ஒரு சன்னல் உடைந்து காற்று உள்ளே புகுந்தால் கூரையை அது உள்ளிருந்தும் மேலே தள்ளுகிறது, கூரை போனபின் எஞ்சியதை மழை கெடுக்கிறது.

இவ்விழப்புகளின் ஆண்டுச் சராசரியோடு நிர்வாகச் செலவும் மறுகாப்பீட்டுச் செலவும் (காப்பீட்டு நிறுவனம் தன் இழப்புக்காக வேறொரு நிறுவனத்திடம் எடுக்கும் காப்பீடு) சேர்வதால், பிரீமியம் சராசரியைவிட அதிகமாகவே இருக்கும். சேமிப்பு ஆதாயமாகத் தோன்றுவது இதனால்தான். ஆனால் மூன்றாம் ஆண்டிலேயே கூரை பறந்தால், உங்கள் கையில் மூன்று ஆண்டுப் பிரீமியம் மட்டுமே இருக்கும். வீட்டுக்கடன் நிலுவையிலிருந்தால், காப்பீட்டைக் கைவிட வங்கியும் பெரும்பாலும் இசையாது.

உங்கள் வீட்டைப் பற்றி நிறுவனம் என்ன பதிந்து வைத்திருக்கிறது என்று எழுத்துமூலம் கேளுங்கள். கட்டிய ஆண்டு, கூரையின் வடிவம், கூரையைச் சுவரோடு பிணைத்த முறை ஆகியவை தெரியாதபோது மாதிரி பொதுவான ஓர் அனுமானத்தையே எடுத்துக்கொள்ளும். நான்கு பக்கமும் சரியும் கூரை, இரு பக்கம் மட்டும் சரியும் கூரையைவிடக் காற்றை நன்கு தாங்கும். உங்களுடையது அவ்வகையெனில் பொறியாளரின் சான்றுடன் திருத்தம் கோரலாம். ஒரே வீட்டுக்கு இரு மாதிரிகள் வெகுவாக வேறுபட்ட தொகைகளைத் தருவதும் உண்டு என்பதால், வேறு நிறுவனங்களிடமும் விசாரியுங்கள்.

அதன் பிறகும் சுமை மிகுந்தால், சேதத்தில் நீங்களே ஏற்கும் பங்கை உயர்த்திப் பிரீமியத்தைக் குறைக்கலாம். இப்பங்கு 5 சதவீதம் என்றிருந்தால், பல பாலிசிகளில் அது சேதத்தின் மீதன்றி, முழுக் காப்பீட்டுத் தொகையின் மீது கணக்கிடப்படும். நீங்கள் ஏற்க வேண்டிய அந்தப் பங்கு உடனே எடுக்கக்கூடிய சேமிப்பாக இருந்தால் மட்டுமே அதற்கு ஒப்புக்கொள்ளுங்கள்.