இளமையில் நேரில் பார்த்த ராக் கச்சேரிகளில் மறக்க முடியாதது: பெங்களூர், 2007

இளவயதில் நேரில் பார்த்த ராக் கச்சேரிகளில் மிகவும் பிடித்தது எது என்பது கேள்வி. யோசிக்கவே வேண்டாம். 2007 மார்ச் 17, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ், இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டன்.

அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று இன்று கல்லூரியில் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். சென்னையில் ஹெவி மெட்டல், அதாவது ராக்கிலேயே சத்தமும் வேகமும் கூடிய வகை, கேட்பவன் அப்போதெல்லாம் தனி ஆள். பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் வாங்கிய எம்பி3 சிடி, காசு சேர்ந்தால் ஸ்பென்சர் பிளாசா மியூசிக் வேர்ல்டில் ஒரு ஒரிஜினல் கேசட், காதில் ஹெட்போன், அவ்வளவுதான். வீட்டில் "என்னடா இந்தக் கத்தல்" என்பார்கள். வகுப்பில் இரண்டு மூன்று பேருக்கு இந்தக் குழுக்களின் பெயர்கள் தெரிந்திருந்தால் அதிகம். வருடத்துக்கு ஒருமுறை ஜனவரியில் சென்னை ஐஐடியின் கலைவிழாவான சாரங் வரும். அந்தத் திறந்தவெளி அரங்கத்தின் படிகளில் உட்கார்ந்து பார்த்த ராக் ஷோக்கள்தான் எங்களுக்குத் திருவிழா. பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவில் இருந்த ரோஜர் வாட்டர்ஸ் 2002லேயே பெங்களூர் வந்து போயிருந்தார். ஆனால் உலகம் முழுக்க மைதானங்களை நிரப்பும் ஒரு மெட்டல் குழு, 2006இல் வந்த புது ஆல்பத்தின் சுற்றுப்பயணத்திலேயே நம் பக்கம் வருகிறது என்பதை முதலில் யாரும் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு பெங்களூர் மெயில். சென்ட்ரலில் ஏறும்போதே பெட்டியெங்கும் கருப்பு டி-ஷர்ட்கள். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் மச்சான் ஆகிவிட்டார்கள். "முதல் பாட்டு எது போடுவாங்க?" என்று ஆரம்பித்த பேச்சு ஜோலார்பேட்டை தாண்டியும் முடியவில்லை. தூங்கியவர்கள் குறைவு.

மறுநாள் நல்ல வெயில். மதியத்திலிருந்தே வரிசை. முதலில் டெல்லியின் ராக் குழுவான பரிக்ரமா வாசித்தார்கள். அப்புறம் மெய்டனின் பேஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸின் மகள் லாரன் ஹாரிஸ் பாடினார். இருட்டியதும் 'டிஃபரண்ட் வேர்ல்ட்' பாட்டோடு மெய்டன் மேடைக்கு வந்தார்கள்.

ஸ்டீவ் ஹாரிஸ் நின்ற பக்கம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு காலை முன்னால் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் மேல் வைத்து, பேஸ் கிட்டாரைத் துப்பாக்கி மாதிரி கூட்டத்தின் பக்கம் நீட்டுவார். கம்பியை மீட்டும் 'பிக்' எதுவும் கிடையாது, வெறும் விரல்தான். அந்த விரல்கள் கம்பியில் ஓடுவதை நேரில் பார்த்தபோதுதான், இத்தனை வருடம் கேட்ட அந்த டக-டக, டக-டக ஓட்டம் ஒரு மனிதனின் கையிலிருந்து வருகிறது என்பதே மனதில் பதிந்தது. கேசட்டில் பேஸ் எப்போதுமே அமுங்கித்தான் கேட்கும். அங்கே அது நெஞ்செலும்பில் அடித்தது. பாடகர் புரூஸ் டிக்கின்சன் ஓர் இடத்தில் நிற்கவே இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி 'ஸ்க்ரீம் ஃபார் மீ' (எனக்காகக் கத்துங்கள்) என்பது அவர் வழக்கம். அன்று அந்த இடத்தில் 'பேங்களூர்' என்று கேட்டதும் எழுந்த சத்தத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது.

எல்லாவற்றுக்கும் மேல் 'ஃபியர் ஆஃப் தி டார்க்' பாட்டு. அதன் ஆரம்பத்தில் கிட்டார் மட்டும் மெதுவாக ஒரு மெட்டு வாசிக்கும். அந்த இடத்தில் சொற்களே கிடையாது. வெளிநாட்டு நேரடிப் பதிவுகளில் கூட்டம் அந்த மெட்டை 'ஓ... ஓ...' என்று சேர்ந்து பாடுவதை ஆயிரம் தடவை கேட்டிருந்தேன். அன்று கிட்டார் தொடங்கிய நொடியில் மைதானம் மொத்தமும் பாடியது, யாரும் சொல்லிக் கொடுக்காமலே. எனக்கு இந்தப் பக்கம் கொச்சியிலிருந்து வந்தவன், அந்தப் பக்கம் ஷில்லாங்கிலிருந்து வந்தவன். நாங்கள் எல்லோரும் தனித்தனி அறைகளில் கதவைச் சாத்திக்கொண்டு அதே பதிவைக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறோம். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தக் கச்சேரியை முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம் இது ஒன்றுதான். இசையை மட்டும் வைத்துப் பார்த்தால் அதைவிடத் துல்லியமாக வாசித்த ஷோக்களைப் பின்னால் பார்த்திருக்கிறேன்.

2011 அக்டோபர் 30, அதே மைதானத்தில் அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகா. இரண்டு நாள் முன்பு குர்கானில் நடக்க வேண்டிய ஷோ கூட்டக் குழப்பத்தில் ரத்தானதால், இதுவும் நடக்காதோ என்று கடைசி நிமிடம் வரை பயம். நடந்தது. 'ஒன்' பாட்டின் வெடிச்சத்தமும் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' வரிகளைக் கூட்டமே பாடியதும் அருமை. ஆனால் அதற்குள் யூடியூப் பரவிவிட்டது. நம்மைப் போல ஊரெல்லாம் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது முன்பே தெரிந்திருந்தது.

2007இல் அங்கே இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கடைசியாக 'ஹாலோட் பி தை நேம்' வாசித்தபோது மேடைக்கு எந்தப் பக்கம் நின்றீர்கள் என்று சொல்லுங்கள். நான் இடது பக்கம், சவுண்ட் கோபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால்.