அப்பாவின் வண்டிக்கு வேறு என்ஜினா?

கேள்வி: அப்பா 2008-ல் வாங்கிய 100 சிசி பைக். ஆயில் வற்றி, கத்திப்பாரா மேம்பாலத்தில் என்ஜின் ஜாம் ஆகிவிட்டது. பழைய உதிரிபாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் பழைய என்ஜின் வாங்கிப் போடலாமா?
– வாசகர், ஆலந்தூர்

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் என்ஜினின் மேல்மூடியான ஹெட்டையும், சிலிண்டர் உள்ள பிளாக்கையும் கழற்றிப் பாருங்கள். சிலிண்டரில் கோடு விழுந்தது மட்டும்தான் என்றால், லேத்தில் போர் செய்து (உட்புறத்தைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் போதும். பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு ஆடினால் கிராங்க் வேலையும் சேரும். அப்போதும் சொந்த என்ஜினே மேல் என்பேன். என் பழைய வண்டியை அப்படித்தான் மீட்டேன். வேறு என்ஜின் என்றால் ஆர்சியில் (பதிவுச் சான்றில்) என்ஜின் நம்பரை மாற்ற ஆர்டிஓ அலுவலகம் போகவேண்டும். பில் இல்லாததைத் தொடவே தொடாதீர்கள், திருட்டு வண்டியுடையதாக இருக்கலாம். அப்புறம், 15 ஆண்டு தாண்டிவிட்டதே, ஆர்சியைப் புதுப்பித்தீர்களா? சேசிஸ் (வண்டியின் சட்டகம்) துருப்பிடித்திருந்தால் மட்டும், மனதைத் தேற்றிக்கொண்டு வண்டியை விட்டுவிடுங்கள்.