கலப்பு பின்னத்தில் மறைந்திருக்கும் கூட்டல்

கேள்வி: 2¾-ஐத் தகா பின்னமாக்க, "பகுதியால் பெருக்கு, தொகுதியைக் கூட்டு" என்று ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒப்பிக்கிறாள். ஏன் என்று கேட்டால் தெரியவில்லை.

பதில்: 2¾ ஒரு கலப்பு பின்னம், அதாவது ஒரு முழு எண்ணும் ஒரு பின்னமும் சேர்ந்தது: 2 + ¾. நடுவில் உள்ள கூட்டல் குறியை எழுதுவதில்லை, அவ்வளவுதான். சப்பாத்தியை வைத்தே காட்டலாம். ஒரு சப்பாத்தியை நான்காகக் கிழித்தால் 4 கால் துண்டுகள். இரண்டு சப்பாத்தியில் 8. முக்கால் சப்பாத்தியில் 3. மொத்தம் 11 கால் துண்டுகள், அதுதான் 11/4. இதில் மேலே உள்ள 11 தொகுதி, கீழே உள்ள 4 பகுதி; தொகுதி பகுதியைவிடச் சிறியதாக இல்லாததால் இது தகா பின்னம். துண்டுகளை அவளே எண்ணட்டும். சூத்திரத்தை அப்புறம் சொல்லுங்கள்.

கேள்வி: 2½ × 3½-க்கு 6¼ என்று எழுதினேன் சார். 2 × 3 = 6, ½ × ½ = ¼. எங்கே தப்பு?

பதில்: இந்தத் தவறு நிறையப் பேருக்கு வரும், தம்பி. கட்டம் போட்ட நோட்டை எடு. நீளம் 3½ கட்டம், அகலம் 2½ கட்டம் வருகிற மாதிரி ஒரு செவ்வகம் வரை. உள்ளே முழுக் கட்டங்கள் 6 இருக்கும், மூலையில் ஒரு கால் கட்டம் இருக்கும். இந்த இரண்டையும் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாய். ஆனால் இரண்டு ஓரங்களிலும் சேர்த்து 5 அரைக் கட்டங்கள் இருக்கின்றன, பார். அந்த 2½ தான் உன் கணக்கில் விட்டுப்போனது. 6 + 2½ + ¼ = 8¾. தகா பின்னமாக மாற்றிப் பெருக்கினால் எதுவும் விட்டுப்போகாது: 5/2 × 7/2 = 35/4.

கேள்வி: விடையை 35/4 என்றே விடலாமா?

பதில்: கலப்பு பின்னமாக எழுதச் சொல்லியிருந்தால் மாற்ற வேண்டும். இல்லையென்றால் 35/4 முழுமையான விடைதான். அதற்கு மார்க் குறைப்பது சரியில்லை என்பது என் கருத்து.

கேள்வி: 5/5 தகா பின்னமா?

பதில்: ஆமாம். தொகுதி, பகுதிக்குச் சமமாக இருந்தாலும் தகா பின்னம்தான்.

கேள்வி: டியூஷன் எடுக்கிறேன். 5¼ − 2¾ கணக்கில் பிள்ளைகள் கடன் வாங்கும்போது தடுமாறுகிறார்கள்.

பதில்: முழு எண் கழித்தலில் கடன் வாங்கினால் 10 வரும். அதே பழக்கத்தில் ¼-ஐ 11/4 ஆக்கிவிடுவார்கள். இங்கே வாங்குவது ஒரு முழு, அதாவது 4/4. ஆகவே 5¼ என்பது 4 + 5/4 ஆகும். அதிலிருந்து 2¾ போனால் 2 + 2/4, அதாவது 2½. 4/4 என்ற படியை எழுதாமல் தாண்ட விடாதீர்கள்.

கேள்வி: −2⅓ = −5/3 தானே? −6 + 1 = −5 வருகிறதே.

பதில்: இல்லை. கழித்தல் குறி முழு எண்ணுக்கு மட்டும் உரியதல்ல, பின்னத்துக்கும் சேர்த்துத்தான்: −(2 + ⅓) = −7/3. எண்கோட்டில் குறித்துப் பாருங்கள். −2⅓ என்பது −2-க்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். −5/3 வலப்பக்கம் போய் விழும்.