கவுண்டியில் வேலை கிடைத்திருக்கிறது, சேரலாமா?

கேள்வி: சென்னையில் ஏழு வருடம் ஐ.டி.யில் டேட்டா அனலிஸ்ட்டாக இருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு கலிஃபோர்னியா வந்துவிட்டேன், எச்-4 இ.ஏ.டி.யில் (கணவரின் விசாவைச் சார்ந்து வந்தவர்களுக்குக் கொடுக்கும் வேலை அனுமதி) இருக்கிறேன். எங்கள் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஜஸ்டிஸ் ப்ரோக்ராம்ஸ் அனலிஸ்ட் வேலைக்கு இப்போது ஆஃபர் வந்திருக்கிறது. நான் சட்டம் படித்ததில்லை, கோர்ட் வாசலை மிதித்ததில்லை. சம்பளம் கம்பெனியைவிடக் குறைவு என்கிறார் கணவர். "ஜெயில்ல உனக்கு என்ன வேலை?" என்கிறார் அம்மா. நான் உட்கார்ந்து போடும் எக்செல் ஷீட்டால் யாருக்காவது ஏதாவது நன்மை உண்டா? சேரலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சேருங்கள். உங்கள் மாநிலத்திலேயே வேறொரு கவுண்டியில் இதே வேலையைப் பதினோரு வருடம் செய்தவள் என்கிற உரிமையில் சொல்கிறேன். ஆனால் கையெழுத்துப் போடும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அம்மாவுக்குப் பதில். தமிழில் எல்லாமே நமக்குச் சிறைதான். அமெரிக்காவில் பிரிசன் வேறு, ஜெயில் வேறு. பிரிசனை மாநில அரசு நடத்துகிறது, ஜெயிலைக் கவுண்டி நடத்துகிறது. கவுண்டி ஜெயிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர்கள் இல்லை, நாடு முழுக்கப் பார்த்தால் சுமார் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை. உங்கள் மேஜையும் ஜெயிலுக்குள் இருக்காது, பெரும்பாலும் கவுண்டி நிர்வாகக் கட்டடத்திலோ, ஆட்களை ஜெயிலுக்கு வெளியே வைத்துக் கண்காணிக்கும் புரொபேஷன் அலுவலகத்திலோ இருக்கும். இதைச் சொன்னாலே அம்மாவுக்குப் பாதி பயம் போய்விடும்.

இந்த வேலை ஏன் இருக்கிறது என்று தெரிந்தால் மீதிக் கவலை உங்களுக்கும் போகும். 2011-ல் கலிஃபோர்னியா பிரிசன்களில் நெரிசல் தாங்க முடியாத அளவுக்குப் போய், ஆட்களைக் குறைத்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த அக்டோபர் முதல் தேதியிலிருந்து ஏ.பி. 109 என்ற சட்டம் அமலுக்கு வந்தது. கடுமையான குற்றம், வன்முறை, பாலியல் குற்றம் இவற்றில் சேராத வழக்குகளில் தண்டனையும் கண்காணிப்பும் பெரும்பாலும் கவுண்டியின் பொறுப்பாயின, அதற்கான பணமும் கூடவே வந்தது. அந்தப் பணத்தைப் பிரிக்க 58 கவுண்டிகளிலும் ஒரு கமிட்டி உண்டு. புரொபேஷன் தலைவர்தான் அதற்குத் தலைவர், கூடவே ஜெயிலை நடத்தும் ஷெரிஃப், அரசுத் தரப்பு டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, ஏழைகளுக்காக வாதாடும் பப்ளிக் டிஃபெண்டர், போலீஸ், கோர்ட், சுகாதாரத் துறை எல்லாரும் உட்கார்வார்கள். இவர்களில் யாரும் யாருக்கும் மேலதிகாரி இல்லை, ஷெரிஃபும் அட்டர்னியும் மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர்கள் வேறு. ஆளாளுக்கு ஒரு கம்ப்யூட்டர், அதில் ஒரே மனிதனுக்கு ஆளாளுக்கு ஒரு நம்பர். நடுவில் நின்று, இந்த நாலு நம்பரும் ஒரே ஆள்தான், அவர் இந்தத் தேதியில் உள்ளே வந்தார், இந்தத் தேதியில் போனார், இந்தச் சிகிச்சைக்கு அனுப்பினோம், அப்புறம் என்ன ஆயிற்று என்று சொல்ல ஒருவர் வேண்டும். அதுதான் நீங்கள்.

சட்டம் தெரியாதே என்று பயப்படாதீர்கள். சொற்களை மட்டும் விடாமல் பிடித்துக் கேளுங்கள். "மறுபடி குற்றம் செய்தவர்கள் எத்தனை பேர்?" என்று கமிட்டியில் கேட்பார்கள். போலீசுக்கு அது மறுபடி கைதானவர், ஷெரிஃபுக்கு மறுபடி ஜெயிலுக்கு வந்தவர். ஜெயில், புரொபேஷன் விஷயங்களைப் பார்க்கும் மாநில வாரியத்தின் வரையறைப்படி, விடுதலையான பிறகு அல்லது கண்காணிப்பில் வைத்த பிறகு மூன்று வருடத்துக்குள் செய்த புதுக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர். ஒரே திட்டத்தை இந்த மூன்று கணக்கில் போட்டால் மூன்று விடை வரும், அதில் ஒன்றைக் காட்டித் திட்டத்தை மூடலாம், இன்னொன்றைக் காட்டி வளர்க்கலாம். எதை எண்ணினோம் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அதேபோல 2014-ல் மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய 47-ஆம் பிரேரணை 950 டாலர் வரையிலான திருட்டு உட்படச் சில குற்றங்களைப் பெரும்பாலும் சின்னக் குற்றம் ஆக்கியது, 2024 நவம்பரில் வந்த 36-ஆம் பிரேரணை அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கடுமையாக்கியது. இந்தத் தேதிகளில் உங்கள் வரைபடக் கோடு இறங்கினாலோ ஏறினாலோ, ஜனங்கள் மாறிவிட்டார்கள் என்று அவசரப்பட்டு எழுதாதீர்கள், சட்டம்தான் மாறியது.

உங்கள் ஷீட்டால் நன்மை உண்டா என்று கேட்டீர்களே. ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஒரு ஜெயிலுக்கு வருடத்துக்கு 7,300 பேர் வருகிறார்கள், ஒருவர் சராசரியாக 30 நாள் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த நாளில் எண்ணினாலும் உள்ளே சுமார் 600 பேர் இருப்பார்கள். அதே ஆட்களின் சராசரியில் மூன்று நாளைக் குறைத்தால் 540. ஒருவரைக்கூடக் கைது செய்யாமல் விடவில்லை, பேப்பர் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போகும் மூன்று நாளைக் குறைத்தோம், அவ்வளவுதான், அறுபது பேர் வீட்டில் இருக்கிறார்கள். அந்த மூன்று நாள் எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடிக்க வக்கீல் வேண்டியதில்லை, உங்களைப் போல ஒருவர் போதும்.

ஆனால் ஷீட்டுக்கு முன்னால் போய்ப் பாருங்கள், இதைக் கெஞ்சியே கேட்கிறேன். நான் சேர்ந்த புதிதில் "கோர்ட்டுக்கு வராதவர்கள்" என்று ஒரு பட்டியல் போட்டேன், பொறுப்பில்லாதவர்கள் என்றுதான் மனதுக்குள் நினைத்திருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை கோர்ட்டில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். யார் வேண்டுமானாலும் உட்காரலாம், அனுமதி எதுவும் தேவையில்லை. வாரக் கடைசியில் பிடிபட்டவர்களை வரிசையாக அழைத்தார்கள். ஓட்டல் சமையலறை ஏப்ரனோடு ஒருவர், நாலாக மடித்த பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். மடிப்புகளில் எழுத்து அழிந்துபோயிருந்தது. போன முறை அவர் வந்திருக்கிறார், ஆனால் வழக்கு வேறு கட்டடத்துக்கு மாறிவிட்டது, மாறிய தகவல் அவருடைய பழைய விலாசத்துக்குப் போயிருக்கிறது. வாரண்ட் போட்டு வேலை செய்யும் இடத்திலேயே பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். என் பட்டியலில் அவர் "வரவில்லை". அன்றைக்கு மதியம் அலுவலகம் வந்து அந்தப் பட்டியலைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை.

நியூயார்க் நகரத்தில் இதே சிக்கலை எடுத்துக்கொண்டு, சம்மன் படிவத்தில் தேதியும் இடமும் பளிச்சென்று தெரியும்படி மாற்றினார்கள், தேதிக்கு முன்னால் எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பார்த்தார்கள். முடிவு 2020-ல் சயன்ஸ் இதழில் வந்தது. வராதவர்கள் எண்ணிக்கை படிவத்தால் மட்டும் 13 சதவீதம் குறைந்தது, எஸ்.எம்.எஸ்.ஸால் 21 சதவீதம். பலர் ஓடிப்போகவில்லை, மறந்துதான் போயிருக்கிறார்கள்.

சரி, கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை. முதலாவது, இந்தப் பதவிக்குச் சம்பளம் கவுண்டியின் பொது நிதியிலிருந்தா, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வரும் கிராண்ட் என்ற மானியத்திலிருந்தா? கிராண்ட் என்றால் எந்தத் தேதியோடு முடிகிறது? ஆஃபர் லெட்டரில் "லிமிடெட் டேர்ம்" என்று இருந்தால், கிராண்ட் முடியும் நாளில் வேலையும் முடியலாம். நல்ல பெண்கள் இரண்டு பேர் இதைக் கேட்காமல் சேர்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். கவுண்டியின் நிதியாண்டு ஜூலை முதல் தேதி தொடங்குகிறது, அதனால் வசந்த காலத்தில் பட்ஜெட் பேச்சு தொடங்கும்போதே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இரண்டாவது, உங்கள் இ.ஏ.டி. புதுப்பிப்பு தாமதமானால் என்ன செய்வார்கள் என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். கைரேகைச் சோதனை உண்டு, குற்றப் பதிவுகளைப் பார்க்கும் எல்லாருக்கும் அது கட்டாயம், அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சம்பளத்தைப் பற்றி உங்கள் கணவர் சொல்வது உண்மைதான், குறைவுதான். ஆனால் பென்ஷனையும் மெடிக்கலையும் சேர்த்து வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். பென்ஷனுக்குப் பொதுவாக ஐந்து வருடப் பணிக்காலம் வேண்டும், அதற்குள் ஊர் மாறும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

இன்னொன்று. சேர்ந்ததும் ஷெரிஃப் அலுவலகத்துக்கு முதல் டேட்டா கோரிக்கை அனுப்பும்போது, விடுதலைத் தேதியோடு விடுதலை ஆன நேரத்தையும் கேளுங்கள். நாங்கள் முதலில் கேட்கவில்லை. போதைச் சிகிச்சைக்கு அனுப்பியவர்களில் பாதிப்பேர் முதல் நாளே போகவில்லை என்று ஒரு திட்டத்தையே மூடப் பார்த்தார்கள். நேரத்தை வாங்கிப் பார்த்தால் இரவு 1:40, 2:15, 3:05 என்று வரிசையாக இருந்தது. பஸ் கிடையாது, போனில் சார்ஜ் கிடையாது, சிகிச்சை நிலையம் திறப்பதோ காலை ஒன்பது மணிக்கு. காலையில் கதவு திறக்கிற நேரத்துக்கு விடுதலையை மாற்றி, ஒரு வேனையும் ஏற்பாடு செய்தோம்.