மொரிஸ் மைனர் பின் அச்சுக்குக் கிறவுண் வீலை மட்டும் தனியே மாற்றலாமா?

கேள்வி இதுதான்: 948 சிசி மொரிஸ் மைனர் 1000, வேகம் எடுக்கும்போது பின்னால் ஊளைச் சத்தம். கொழும்பின் பழைய உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் ஒரு கிறவுண் வீல் (பின் அச்சுக்குள் இருக்கும் பெரிய பற்சக்கரம்) தனியாகக் கிடைத்திருக்கிறது. அதைப் பழைய பினியனோடு (கிறவுணைச் சுழற்றும் முன் பற்சக்கரம்) சேர்த்துப் போடலாமா? இல்லையென்றால் வேறு எந்த வண்டியின் டிஃபரன்ஷியல் (இவை இரண்டும் உள்ள பின் அச்சுப் பற்சக்கரத் தொகுதி) பொருந்தும்?

போடக்கூடாது. பல் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் கூடாது. இது ஹைப்பொய்ட் பல், அதாவது பினியன் கிறவுணின் மையத்தை விட்டு விலகி நின்று சாய்வாகக் கடிக்கும் வகை. கிறவுணும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்துச் சோடியாக்கப்பட்டவை. அதற்காகத்தான் இரண்டிலும் ஒரே சோடி இலக்கம் பொறித்திருப்பார்கள். சோடி பிரிந்த கிறவுண் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இரும்பு விலைதான் பெறும். பழைய பினியனோடு கூட்டினால் முதல் நாளே சத்தம் போடும், பிறகு பல்லைத் தின்னும்.

ஆனால் வாங்குவதற்கு முன், சத்தம் உண்மையில் டிஃபரன்ஷியலில் இருந்துதான் வருகிறதா என்று பாருங்கள். எக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஊளையிட்டு, காலை எடுத்ததும் நின்றால் கிறவுண்-பினியன் பல் தொடுகை பிழை. காலை எடுத்த பிறகு ஊளையிட்டால் பினியன் பெயாரிங் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். காலை வைத்தாலும் எடுத்தாலும் மாறாமல், வளைவில் மட்டும் கூடிக் குறையும் உறுமல் ஹப் பெயாரிங். கிளம்பும்போது ‘டக்’ என்று ஒரு அடி விழுந்தால் முதலில் புரொப்பெல்லர் ஷாஃப்டின் (கியர்பொக்ஸிலிருந்து பின் அச்சுக்கு வரும் தண்டு) சிலுவை மூட்டுகளைப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் ஹாஃப் ஷாஃப்ட் (டிஃபரன்ஷியலிலிருந்து சில்லுக்குப் போகும் தண்டு) முனையின் பல்வரிசையான ஸ்பிளைனும், டிஃபரன்ஷியல் உள்ளே இருக்கும் சின்னப் பற்சக்கரங்களின் வாஷரும். எதையும் பார்க்காமல் “டிஃப் போய்விட்டது” என்று சொல்லும் பாஸ்மார் (மெக்கானிக்மார்) குறைவில்லை.

தனித்தனியாக மாற்றக்கூடியவை: பெயாரிங்குகள் (வெளி வளையத்தில் உள்ள இலக்கத்தைப் பார்த்து வாங்கலாம்), ஒயில் சீல்கள், வாஷர்கள், ஹாஃப் ஷாஃப்ட். சின்னப் பற்சக்கரங்களை மாற்றுவதானால் நான்கையும் குறுக்கு ஊசியோடு ஒரே செட்டாக. கேரியரின் (கிறவுணையும் பினியனையும் தாங்கும் கூடு) பெயாரிங் மூடிகளை இடம் வலம் மாற்றக்கூடாது. கழற்றும் முன் சென்டர் பஞ்சால் புள்ளி வையுங்கள். ஷிம்களையும் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) எந்தப் பக்கம் இருந்தது என்று எழுதித் தனித்தனி உறையில் வையுங்கள்.

இந்த அச்சின் நல்ல குணம், முழுக் கேரியரும் முன்பக்கமாக ஒரே துண்டாக வெளியே வருவது. எனவே பற்களைச் செட் பண்ணும் வேலைக்குள் போகாமல், நல்ல கேரியர் ஒன்றை அப்படியே மாற்றுவதுதான் புத்தி. 1948 முதல் 1953 வரை வந்த முதல் வகை மைனரான சைட்வால்வ் எம்எம் வண்டிகளின் அச்சு வேறு வகை, அதை விட்டுவிடுங்கள். ஒஸ்டின் ஏ35, ஏ40 ஃபரினா, ஸ்பிரைட், எம்ஜி மிட்ஜெட் ஆகியவற்றின் கேரியர் உங்கள் வண்டிக்கு ஏறும். விகிதம் மட்டும் மாறும். உங்களுடையது 9/41 (பினியனில் 9 பல், கிறவுணில் 41), அதாவது 4.55. 1098 சிசி மைனரில் 9/38, அதாவது 4.22. பிந்திய 1275 மிட்ஜெட்டில் 10/39, அதாவது 3.9. பழைய 803 சிசியில் வந்த 7/37 மிகவும் குறைந்த கியர், 5.29 வரும். அதை யாராவது மலிவாகத் தந்தாலும் வேண்டாம். 948 எஞ்சினுக்கு 4.22 அளவானது. 3.9 போட்டால் காலி வீதியில் சுகமாக ஓடும், கடுகண்ணாவை ஏற்றத்தில் மூன்றாம் கியரை விட்டு எழும்பாது.

கழற்றாமலே விகிதம் பார்க்க, முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின் சில்லை மட்டும் ஜாக்கில் தூக்குங்கள். தூக்கிய சில்லை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றும்போது புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் விகிதம். மற்றச் சில்லு நிலத்தில் நிற்பதால்தான் இரண்டு சுற்று, ஒன்று அல்ல.

கடையில் கழன்று கிடக்கும் கேரியரில் பற்களை எண்ணுங்கள், சோடி இலக்கம் பாருங்கள். பினியனை முன்னும் பின்னும் இழுத்தால் கொஞ்சமும் அசையக்கூடாது. கொழும்பு ஈரக்காற்றில் ஒயில் இல்லாமல் கிடந்த கேரியரில் பல்லின் குறுக்கே துருக்கோடு விழுந்திருக்கும். துணியால் துடைத்து நகத்தால் தடவிப் பாருங்கள், குழி தட்டுப்பட்டால் வைத்துவிட்டு வாருங்கள். நீல நிறம் ஏறிய பல், ஒயில் இல்லாமல் வெந்த பல். வண்டியோடு விற்கும் டிஃபரன்ஷியலில் ஒயிலை இறக்கிப் பாருங்கள். ஊளையை அடக்க மரத்தூள் கலப்பது பழைய தந்திரம்.

மாற்றும் வேலை: ஒயிலை இறக்கி, பிரேக் டிரம்மின் இரண்டு ஸ்குரூவும், ஹாஃப் ஷாஃப்ட் விளிம்பின் ஒரு ஸ்குரூவும் கழற்றினால் ஷாஃப்ட் வெளியே வரும். இரண்டு பக்கமும் இழுத்தெடுக்க வேண்டும். ஹப் நட்டைத் தொடத் தேவையில்லை. தொட வேண்டி வந்தால் இடப்பக்க நட் இடது மரை என்பதை மறக்க வேண்டாம். புரொப்பெல்லர் ஷாஃப்ட் விளிம்புகளில் அடையாளம் போட்டு நான்கு போல்ட்டையும், பிறகு கேரியரின் எட்டு நட்டையும் எடுங்கள். அங்குல அளவுச் சாவி வேண்டும். அரை அங்குல நட்டுக்கு 13 மி.மீ. சாவி போட்டால் மூலை உருண்டுவிடும். பூட்டும்போது புதுக் கடதாசி கேஸ்கெட், ஹப்பில் புது கேஸ்கெட்டும் ஓ-றிங்கும். ஹப்பைப் பிரித்திருந்தால், கேஸ்கெட் வைத்த பிறகும் பெயாரிங் ஸ்பேசர் அங்குலத்தில் ஆயிரத்தில் 1 முதல் 4 வரை வெளியே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பெயாரிங் இறுகாது, ஹப் ஆடும், ஒயில் பிரேக்குக்கு வரும்.

பழைய கேரியருக்கே புதுச் சோடி போடுவதானால், கிறவுணில் பொறித்த பின்னடைவு (பற்களுக்கிடையிலான ஆட்டம்) அளவைக் கடைப்பிடியுங்கள். வழமையாக அங்குலத்தில் ஆயிரத்தில் 5 முதல் 7. பல்லில் நீலச்சாயம் தடவிச் சுற்றுங்கள். தடம் பல் நுனியில் விழுந்தால் பினியன் கிறவுணை விட்டுத் தூரம், அடியில் விழுந்தால் அதிகம் உள்ளே. கிறவுணின் வெளிவிளிம்பை நோக்கி ஓடினால் பின்னடைவு கூட, உள்விளிம்பை நோக்கினால் குறைவு. டயல் கேஜும் பினியன் உயரம் அளக்கும் கருவியும் இல்லாத கராஜில் இதைச் செய்ய விடாதீர்கள்.

ஒயில் இபி 90 ஹைப்பொய்ட், 0.85 லீற்றர். பின்பக்க மூடித் துளை மட்டம் வந்தால் போதும். அச்சின் மேலுள்ள மூச்சுத்துளையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்தால் சூட்டில் அழுத்தம் ஏறி சீலைத் தாண்டி ஒயில் டிரம்முக்குள் போகும். வெள்ளத்தில் ஓடிய வண்டியென்றால் சூடான அச்சு குளிரும்போது தண்ணீரை இழுத்திருக்கும். இறக்கிய ஒயில் பால்போல் இருந்தால் இரண்டு தடவை மாற்ற வேண்டும்.

4.22 போட்டதும் ஸ்பீடோமீற்றர் குறைத்துக் காட்டும், ஏனென்றால் அதன் கேபிள் கியர்பொக்ஸிலிருந்து வருகிறது. முள் 60 என்று காட்டும்போது உண்மையில் ஏறத்தாழ 65. மீட்டர் திருத்துபவரிடம் பழைய விகிதத்தையும் புது விகிதத்தையும் சொல்லிக் கொடுங்கள்.