தபால்தலை கேள்வி–பதில்: போலந்துப் பக்கம்

கே: பரம்பரை ஆல்பம் ஒன்றில் நீலமும் ரோஜா நிறமும் கொண்ட 10 கோபெக் தபால்தலை இருக்கிறது. போலந்தின் முதல் தலை என்கிறார்கள். கோடி பெறுமா?

ப: கோடியெல்லாம் பெறாது. அதற்காக அலட்சியமாக ஒதுக்கிவிடவும் வேண்டாம். 1860 ஜனவரி 1 அன்று வெளியான தலை இது. போலந்து ராஜ்யம் அப்போது ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்ததால் மதிப்பு கோபெக்கில் இருக்கும். வாசகம் மட்டும் போலிஷ் மொழியில், லத்தீன் எழுத்தில். ஒரு 'லோட்' (சுமார் 12.8 கிராம்) எடையுள்ள கடிதத்துக்கான கட்டணம் இது. 1865இல் இதை விலக்கி, இனி ரஷ்யத் தலைகள்தான் செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள். அச்சானது லட்சக்கணக்கில் என்பதால், முத்திரை குத்திய ஒற்றைத் தலை இன்றும் ஏலங்களில் அடிக்கடி தலைகாட்டுகிறது.

விலையைத் தூக்குவது மூன்று: பயன்படுத்தப்படாமல் அசல் பசையோடு இருப்பது, ஜோடியாகவோ பட்டையாகவோ இருப்பது, முழுக் கடிதத்தின் மேல் இருப்பது. முத்திரையில் வட்டங்களுக்கு நடுவே ஓர் எண் தெரியும். அது தபால் நிலையத்தின் எண். 1 என்றால் வார்சா, மிகச் சாதாரணம். சிற்றூர் எண் தெளிவாக விழுந்திருந்தால் மதிப்பு கூடும்.

ஓரப் பற்களைப் பாருங்கள். சுமார் 11½ முதல் 12½ வரையான அளவு (2 செ.மீ. நீளத்தில் எத்தனை பல் என்ற கணக்கு) சரி. இந்தத் தலையில் படம் நடுவில் அமைவதே அரிது. பல்வரிசை படத்துக்குள் கடித்திருப்பதுதான் வழக்கம். நான்கு பக்கமும் கச்சிதமாக இருந்தால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள்: ஓரத்தை வெட்டிப் புதிதாகப் பல் போட்டிருக்கலாம். 'பயன்படுத்தப்படாத' தலை என்றால், மை முத்திரையை ரசாயனத்தால் கழுவிவிட்டுப் புதுப்பசை பூசியிருக்கலாம். அப்படிக் கழுவும்போது ரோஜா நிறமும் வெளுக்கும். பல்லின் நுனியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். காகித நார்கள் மேல் பசை வழிந்து விறைத்திருந்தால், அது பிற்காலப் பூச்சு.

கறுப்புத் தட்டில் தலையைக் கவிழ்த்து வைத்து, சுத்திகரித்த பெட்ரோலிய பென்சைன் (நச்சான பென்சீன் அல்ல) சில துளி விடுவது பழைய, நல்ல சோதனை. மெலிந்த இடம் கருமையாகத் தெரியும், ஒட்டுப்போட்ட விரிசலும் வெளிப்படும். பக்கத்தில் நெருப்பு கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும். இந்தத் தலைக்கு நீர்க்குறி (காகிதத்துக்குள்ளேயே பதிந்த அடையாளம்) கிடையாது என்பதையும் அதே நேரத்தில் சரிபார்த்துவிடலாம்.

கே: ஆஸ்திரியத் தலைமேல் 'போச்டா போல்ஸ்கா' (போலந்து அஞ்சல்) என்று மேலச்சு, அதாவது அச்சான தலையின் மேல் மீண்டும் அச்சிட்ட எழுத்து, உள்ளவை ஏன் இவ்வளவு விலை? எனக்கு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது.

ப: மலிவாகக் கிடைப்பதுதான் முதல் எச்சரிக்கை. 1918 நவம்பரில் போலந்து மீண்டும் சுதந்திர நாடானபோது கையில் சொந்தத் தலைகள் போதுமான அளவில் இல்லை. வார்சாவில் ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத் தலைகளில் மேலச்சிட்டார்கள். 1919 தொடக்கத்தில் கிராக்கோவில் ஆஸ்திரியத் தலைகளில். கிராக்கோ வரிசையின் உயர் மதிப்புகள், முக்கியமாக 10 குரோனே (அன்றைய ஆஸ்திரிய நாணயம்) தலை, மிகக் குறைவாகவே மேலச்சானவை. போலந்து சேகரிப்பாளர்கள் கனவு காணும் தலை அது.

சிக்கல் என்னவென்றால், அடியில் இருக்கும் ஆஸ்திரியத் தலை உண்மையானது, அதுவும் அற்ப விலைக்குக் கிடைப்பது. போலிக்காரர் சேர்க்க வேண்டியது கறுப்பு மை மட்டும். ஆகவே காகிதம், பற்கள், நிறம் எல்லாம் சரியாக இருப்பதை வைத்து எதையும் நம்பாதீர்கள்.

10 மடங்கு லென்ஸில் மேலச்சு எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். அச்சுக்கோப்பில் அழுத்திய எழுத்தில் மை விளிம்புக்கு ஒதுங்கி, நடுவைவிட ஓரம் தடித்திருக்கும். சமமாகப் படிந்த, தட்டையான மை கண்டால் ஜாக்கிரதை. அடுத்து, முத்திரையும் மேலச்சும் குறுக்கிடும் இடம். மேலச்சு முதலில் விழ வேண்டும், தபால் முத்திரை அதன்மேல். முத்திரைக் கோட்டின் மேல் மேலச்சு மை ஏறியிருந்தால் கதை முடிந்தது. முத்திரைத் தேதி 1919க்கு முந்தையது என்றாலும் அப்படியே. ஊர்ப்பெயர் போலிஷில் இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது. கிராக்கோ அடங்கிய கலீசியா பகுதியில் ஆஸ்திரிய ஆட்சியிலேயே போலிஷ் முத்திரைகள் இருந்தன.

இந்தச் சோதனைகளால் ஒரு தலையை நிராகரிக்கலாம், உறுதிப்படுத்த முடியாது. எழுத்துருவின் நுண்ணிய சேதங்களை அசலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நிபுணர் வேலை. கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) போலிஷ் தூதரக அஞ்சலுக்கான 1919ஆம் ஆண்டின் 'லெவான்ட்' மேலச்சுக்கும் இதே நியாயம். போலிகள் மலிந்த இடம் அது.

கே: பின்புறம் நிபுணரின் சிறு முத்திரை இருக்கிறதே, போதாதா?

ப: போதாது. அந்தக் குட்டி முத்திரையையும் போலி செய்கிறார்கள். புகைப்படம் ஒட்டிய சான்றிதழ் கேளுங்கள். படத்திலுள்ள பல்வரிசையும் முத்திரை விழுந்த இடமும் உங்கள் தலையோடு பொருந்துகிறதா என்று பல் பல்லாகப் பாருங்கள். போலந்து அஞ்சல்தலைச் சேகரிப்பாளர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற நிபுணர் என்றால் விற்கும்போது எளிது. விலையுயர்ந்த பரிவர்த்தனையில், சான்றிதழ் வராவிட்டால் பணம் திரும்பும் என்று எழுத்தில் வாங்கிய பின்பே பணம் கொடுங்கள்.

கே: 'குரோஷி' என்று ரப்பர் முத்திரை குத்திய தலைகள் குப்பையா, புதையலா?

ப: இரண்டும் உண்டு. 1950 அக்டோபர் இறுதியில் நாணயச் சீர்திருத்தம் வந்தபோது 100 பழைய ஸ்வோட்டி ரொக்கத்துக்கு 1 புதிய ஸ்வோட்டிதான் கிடைத்தது. 5 ஸ்வோட்டித் தலை 5 குரோஷி (ஸ்வோட்டியில் நூறில் ஒரு பங்கு குரோஷ்) ஆனது இப்படித்தான். பல ஊர்களில் தனித்தனி முத்திரைகள், தனித்தனி மை நிறங்கள். தனித் தலையை வாங்கிப் பயனில்லை, ஏனெனில் முத்திரை செய்வது அவ்வளவு எளிது. சரியான தேதியும் சரியான கட்டணமும் கொண்ட முழு உறையாகப் பிடியுங்கள். உறையை நீரில் போட்டுத் தலையைக் கழற்றுவது இரட்டை நஷ்டம்: கைமுத்திரை மை கரைந்து படரக்கூடும், சாட்சியும் போய்விடும்.

கே: 1963 நாய் வரிசை, 1964 பூனை வரிசை முழுசாக, பசையோடு, மூலையில் முத்திரையோடு இருக்கின்றன. விலை பெறுமா?

ப: சேகரிப்பாளர்களுக்கு விற்கவே அச்சகத்திலிருந்து முத்திரையோடு வந்த தலைகள். பசை அப்படியே இருப்பதுதான் அடையாளம். பூனைகள் அழகு, விலை இல்லை. குழந்தைகளுக்குக் கொடுங்கள்.